பதினெட்டாவது நிமிடத்தில் கிளம்பாத கார்

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் காலில் இருந்த ஒரு புண்ணிலிருந்து பிறந்தது.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற ஒரு சிஸ்டர் வீட்டுக்கு வருவார். கால் மணி நேர வேலை. முடித்துப் பையை மூடிவிட்டு வெளியே போவார். கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்கும். பிறகு செல்ஃப் சுற்றும் சத்தம், க்ர்ர்ர், க்ர்ர்ர். அவ்வளவுதான். எஞ்சின் பிடிக்காது. உடனே என் வாசலில் செருப்பு கழலும்.

"சார், கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போறேன். மறுபடியும் அடம் பிடிக்குது."

முக்கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பிவிடும். ஏன்? அவருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

பழைய கார். வாங்கி எழுபத்தொன்பது நாள் ஆகியிருந்தது. வாரண்டி தொண்ணூறு நாள். விற்றவர்களின் ஒர்க் ஷாப் நான்கு முறை பார்த்து, நான்கு முறையும் 'கோளாறு எதுவும் காணப்படவில்லை' என்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டது. காலையில் ஏழு வீடு போக வேண்டியவர் நான்கோடு நிற்கிறார். இரண்டு வீட்டார் வேறு ஆள் பார்த்துவிட்டார்கள். மிச்சமிருக்கும் பதினொரு நாளுக்குள் கோளாறைக் கண்ணால் காட்டாவிட்டால் கார் அவர் தலையில். வேலை இன்னொருவர் கையில்.

2

முதல் தொடக்கம்: "மழை கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணீரைத் துடைத்தபடி அவள் சாவியைத் திரு—"

படித்துக் காட்டினேன்.

"நான் எப்ப சார் அழுதேன்?" என்றார் சிஸ்டர், பஞ்சை மடித்துக்கொண்டே. "மழையும் இல்ல."

இரண்டாம் தொடக்கம்: "வஞ்சகனான அந்தக் கார் வியாபாரி, பல்லெல்லாம் தெரிய—"

"அவரு வஞ்சகர் இல்ல. என் கண்ணு முன்னாடி மூணு தடவை சாவியத் திருப்பினாரு. மூணு தடவையும் கிளம்புச்சு. கிளம்புற வண்டியப் பார்த்துட்டு எதை சார் அவர் நம்புவாரு?"

வில்லனும் போய்விட்டான்.

3

(கதைக்குள் சிஸ்டர் 'அவள்' ஆகிறார். மற்றபடி இந்தப் பகுதியை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். ஒரு வரிகூட அடிபடவில்லை.)

ஒர்க் ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. வாசலில் சாவியை வாங்கி, அட்டை கட்டி, தட்டில் போடுவார்கள். டோக்கன் தருவார்கள். முறை வர எப்படியும் ஒன்றரை மணி நேரம். அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருப்பாள். பிறகு போர்மேன் வந்து சாவியைத் திருப்புவார். வண்டி கிளம்பும்.

"என்னைப் பார்த்தா உங்க வண்டிக்குப் பயம் மேடம்," என்றார் போர்மேன் நான்காவது முறை. "வீட்டுல சேட்டை பண்ற பிள்ளை வாத்தியார் முன்னாடி கைகட்டி நிக்கிற மாதிரி."

"அப்ப வாத்தியாரை என் கூடவே அனுப்பி வைங்கண்ணா."

"கம்ப்யூட்டர்லயும் மாட்டிப் பார்த்தாச்சு. எதுவும் காட்டல. இல்லாத நோய்க்கு நான் எப்படி மருந்து எழுதுவேன்?"

வீட்டுக்கு வந்தால் போனில் அக்கா. "நல்ல வண்டி வாங்கினே போ! நாலு கதவு வச்ச சோஃபா. வித்துத் தொலைடி."

"கோளாறை மறைச்சு இன்னொருத்தர் தலையில கட்டவா? அது என்னால ஆகாதுக்கா. அவங்களே பார்க்கணும், அவங்களே சரி பண்ணணும்."

4

எண்பத்தாறாம் நாள், கதைக்காக ஒரு வரி எழுதினேன். நல்ல வரி என்று எனக்கு நினைப்பு. "எல்லா வீட்டு வாசலிலும் அந்தக் கார் அவளைக் கைவிட்டது."

சிஸ்டர் என் பேனாவை வாங்கி 'எல்லா' என்ற சொல்லை அடித்தார்.

"டீச்சரம்மா வீட்டுல ஒருநாளும் இப்படி ஆனதில்ல."

"ஏன்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? அவங்களைக் குளிப்பாட்டி, கட்டு மாத்தி, மருந்து குடுத்துட்டு வர ஒரு மணி நேரம் ஆயிடும்."

"ஊசி மட்டும் போடுற வீட்டுல?"

"அஞ்சு நிமிஷம். அங்கயும் தகராறு இல்ல."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். புண் வலித்தது, கவனிக்கவில்லை. கதை எழுதுபவனுக்கு ஒரு கெட்ட பழக்கம்: எந்த நேரம், எவ்வளவு நேரம் என்று நச்சரிப்பான். செவிலியர்களுக்கு ஒரு நல்ல பழக்கம்: எத்தனை மணிக்கு வீட்டுக்குள் போனோம், எத்தனை மணிக்கு வெளியே வந்தோம் என்று நோட்டில் குறித்துவைப்பார்கள். நோட்டை விரித்தோம். பத்து நிமிடத்துக்குள் திரும்பிய இடங்களில் கார் கிளம்பியிருந்தது. நாற்பத்தைந்து நிமிடத்தைத் தாண்டிய இடங்களிலும் கிளம்பியிருந்தது. இடைப்பட்ட இடங்களில்தான் நின்றிருந்தது. அதிலும் பதினேழு, பதினெட்டு நிமிடம் என்றால் ஒருமுறைகூடத் தப்பவில்லை.

ஒர்க் ஷாப்பில் காத்திருந்ததோ ஒன்றரை மணி நேரம். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுடைய வரிசைதான் கோளாறை ஆற வைத்துக்கொண்டிருந்தது.

5

(கதை மட்டும் போதும் என்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். போகாதீர்கள், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.)

ஓடும் எஞ்சின்தான் அதிகச் சூடு என்று நாம் நினைக்கிறோம். எஞ்சினைச் சுற்றியுள்ள பாகங்களுக்கு அது பொருந்தாது. வண்டி ஓடும்போது தண்ணீர் சுழன்று சூட்டை எடுத்துப்போகும், காற்றும் வீசும். அணைத்ததும் இரண்டும் நின்றுவிடும். இரும்புக்குள் இருக்கும் சூடு மெல்ல வெளியே கசிந்து பக்கத்தில் உள்ளதையெல்லாம் பிடிக்கும். அடுப்பை அணைத்த பிறகும் இட்லிப் பானையின் மூடி கையைச் சுடுவதில்லையா, அது போல. ஆகவே நிறுத்திய கால் மணி நேரத்தில்தான் அந்தப் பாகங்கள் உச்சச் சூட்டில் இருக்கும்.*

எஞ்சினை ஒட்டிக் கட்டைவிரல் அளவில் ஒரு சென்சார் உண்டு. கிராங்க் சென்சார் என்பார்கள்; இணையத்தில் தேடி, அது இருக்கும் இடத்தையும் படத்தில் பார்த்துக்கொண்டோம். எஞ்சின் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதன் வேலை. அது பேசாவிட்டால் பெட்ரோலும் இல்லை, பொறியும் இல்லை. செல்ஃப் மட்டும் வெறுமனே சுற்றும். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பியில் விரிசல் விட்டிருந்தால், சூட்டில் விலகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும்.

"அப்ப அதுக்குக் காய்ச்சல்," என்றார் சிஸ்டர். "காய்ச்சல்னா ஈரத்துணி போட வேண்டியதுதானே?"

* இட்லிப் பானையை அடித்துவிடச் சொன்னார். 'எந்த ஊர்க்காரரும் படிக்கட்டும், வெறும் பாத்திரம்னு போடுங்க.' அடிக்க மனம் வரவில்லை.

6

எண்பத்தெட்டாம் நாள் அவள் அரை மணி நேரம் வண்டி ஓட்டி, ஒர்க் ஷாப் முற்றத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்தாள். சாவியைத் தரவில்லை.

"டோக்கன் வாங்கிக்குங்க மேடம்."

"வேணாம்ணா. பதினெட்டு நிமிஷம் இங்கயே நிக்கிறேன். அப்புறம் நீங்களே திருப்புங்க."

போர்மேன் சிரித்தார். "வண்டிக்கு நல்ல நேரம் பார்க்கிறீங்களா?"

"இல்லண்ணா. கெட்ட நேரம் பார்க்கிறேன்."

நாடி பார்க்கும் கைக்கடிகாரத்தை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பதினெட்டாவது நிமிடம் சாவியை நீட்டினாள். போர்மேன் திருப்பினார். க்ர்ர்ர். மறுபடியும். க்ர்ர்ர். சிரிப்பு நின்றது. பானெட்டைத் திறக்கச் சொன்னாள். பாட்டில் தண்ணீரில் துணியை நனைத்து, பிழிந்து, சென்சாரின் மேல் வைத்தாள். கடிகாரத்தில் ஐந்து நிமிடம் எண்ணினாள்.

"இப்ப திருப்புங்க."

கிளம்பியது.

போர்மேன் தொப்பியைக் கழற்றினார். (தொப்பி என் கற்பனை. நான் அங்கே இல்லை.) வண்டியின் பழுது விவரம் பதியும் ஜாப் கார்டைத் தானே எடுத்துவந்து எழுதினார்: 'சூட்டில் கிளம்பவில்லை. நேரில் பார்த்தேன்.' கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார். தொண்ணூறுக்கு இரண்டு நாள் பாக்கி.

7

முடிவு ஒன்று: அன்றைக்கே சென்சாரை மாற்றிக் கொடுத்து, விற்றவர் மன்னிப்புக் கேட்—

முடிவு இரண்டு: "சென்சார் எஞ்சினில் சேராது, வாரண்டி கிடையாது" என்று விற்றவர் கையை விரிக்க, அவள் அந்த ஜாப் கார்டோடு மேலிடத்து—

சிஸ்டர் இரண்டையும் அடித்தார். இரண்டில் எது நடந்தது என்று எனக்குத் தெரியும். எழுதக் கூடாது என்று உத்தரவு.

"இதைப் படிக்கிறவங்கள்ல யாராவது இதே மாதிரி வண்டியோட நடுரோட்டுல நிப்பாங்க சார். அவங்களுக்கு என் முடிவு எதுக்கு? வழியை எழுதுங்க. முடிவை அவங்க போய் வாங்கிக்கட்டும்."

எழுதுகிறேன். வண்டி எப்போது மக்கர் செய்கிறது, எத்தனை நிமிடம் நின்ற பிறகு செய்கிறது என்று பத்து நாள் குறித்துவையுங்கள். அந்த நிமிடத்தை ஒர்க் ஷாப் வாசலில் வரவழையுங்கள். அதுவரை சாவியைக் கொடுக்காதீர்கள். அவர்கள் கையால் திருப்பச் சொல்லுங்கள். கிளம்பாவிட்டால், சூட்டில் கை படாமல் சென்சாரின் மேல் ஐந்து நிமிடம் ஈரத்துணி போடுங்கள். கிளம்பினால் கோளாறு அதுதான். பார்த்ததை அங்கேயே, தேதியோடு, கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள்.