யாரோ அணைத்த மஞ்சள் விளக்கு

செவ்வாய்க்கிழமை காலை, அலுவலகத்துக்கு முந்தின வளைவில், மழைக்காரரின் வண்டியில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. வேகமுள்ளுக்குக் கீழே நகத்தளவு படம். தண்ணீர்க் குழாய் போலவும் இருந்தது, மூக்கு நீண்ட ஹெலிகாப்டர் போலவும் இருந்தது. அது இன்ஜினின் படமாம். வண்டியோடு வந்த கையேட்டின் நூற்றுப் பதினான்காம் பக்கம் சொன்னது. 'இந்த விளக்கு எரிந்தால் இன்ஜினில் ஏதோ கோளாறு இருக்கலாம்' என்றும் சொன்னது. அதற்கு மேல் ஒரு வரி கிடையாது. ஏதோ, இருக்கலாம்! தானே எழுதியது போல இருந்தது அவருக்கு. வானிலை அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக அவரும் இப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்.

அவர் வேலை விழுந்த மழையை அளப்பது. விழப்போகிற மழையைச் சொல்வது வேறு பிரிவு. இதைத் தெருவில் ஒருவருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. துணி காயப்போடுவதற்கு முன் அவரைக் கேட்பார்கள், நனைந்த பிறகு அவரைத் திட்டுவார்கள். மழைக்காரர் என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

வேறு வாரமாக இருந்திருந்தால் அந்த விளக்கோடு சமாதானமாகப் போயிருப்பார். வண்டிக்குப் பதினேழு வயது. அந்த வயதில் யாருக்குத்தான் முகம் சிடுசிடுக்காது? ஆனால் வருகிற திங்கட்கிழமை அவர் மனைவி புது வேலையில் சேர வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம், ஐம்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி, ஒரு ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். பதினோரு வருடத்தில் மூன்று தடவை விண்ணப்பித்து, மூன்று தடவையும் வேறு யாருக்கோ போய், நாலாவது தடவை கைக்கு வந்த வேலை. விடிகாலையில் அந்தப் பக்கம் பேருந்து கிடையாது. வண்டி போனால்தான் அவள் போக முடியும். வருகிறாளா இல்லையா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும்.

"பெரிய கோளாறாங்க?" என்று கேட்டாள் மனைவி.

"தெரியல."

"அப்போ சின்னதா?"

"அதுவும் தெரியல."

"இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ் நல்லாவே தெரியுது" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மாடியில் குடியிருக்கும் மச்சினன், அதாவது அவள் தம்பி, செருப்புகூடப் போடாமல் இறங்கி வந்தான். மூன்று வருடத்துக்கு முன் இந்த வண்டியைத் தேடிப்பிடித்து வாங்கிக் கொடுத்தவனே அவன்தான். வண்டியை யாராவது குறை சொன்னால் அவனுக்குக் காது சிவந்துவிடும்.

"அத்தான், இது வண்டி இல்ல, குதிரை. ஒரு பெரியவர் வாரத்துக்கு ஒரு தடவ எடுத்து, தொடச்சு, திரும்ப உள்ள வெச்ச வண்டி. விளக்குதான் எரியுது, வண்டியா எரியுது? விடுங்க."

அவனுக்குக் கைபேசி பழுதுபார்க்கும் கடை. உலகத்தில் எதையும் ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்பது அவன் மதம்.

மழைக்காரருக்கு விடத் தெரியாது. அன்று மாலையே ஒரு நோட்டு எடுத்து, நாள், நேரம், வெயில், வேகம், பெட்ரோல் எல்லாம் கோடு போட்டு எழுதினார். பெட்ரோல் மூடியைக் கழற்றி இறுக்கினார். நாலு சக்கரத்துக்கும் காற்று அடித்தார். புதன்கிழமை காலை வண்டியை எடுத்தால், விளக்கு இல்லை! எது வேலை செய்தது, மூடியா காற்றா? புரியாமலே இரண்டையும் எழுதிக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று மெக்கானிக்கிடம் போனார்.

மெக்கானிக் வாயை அளந்து திறக்கிற மனிதர். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகி, கையிலிருந்த கருவியைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"ஒண்ணுமே இல்லையே."

"நேத்து எரிஞ்சது."

"இன்னைக்கு எரியல."

"அதான் ஏன்னு..."

"எரியும்போது கொண்டாங்க."

பல்வலியோடு கிளம்பி டாக்டர் வாசலில் வலி நின்றுபோனவர் போல அசட்டுச் சிரிப்போடு திரும்பினார். பாதி வழியில் விளக்கு எரியவில்லை. அலுவலகத்தில் எரியவில்லை. மாலை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தப் போகும் நொடியில், வந்துட்டேன் என்பது போல எரிந்தது. நோட்டில் எழுதினார். அன்று பழுப்புச் சட்டை போட்டிருந்ததையும் எழுதினார். செவ்வாய்க்கிழமையும் அதே சட்டைதான் என்பது எழுதும்போதுதான் உறைத்தது.

வியாழக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். விளக்கு இல்லை! படித்த மனுஷன் சட்டைக்கும் இன்ஜினுக்கும் முடிச்சுப் போடலாமா என்று தன்னையே கடிந்துகொண்டார். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு ஓரத்தில், இன்னும் இரண்டு வெள்ளைச் சட்டை வாங்கினால் என்ன என்றும் ஓடியது.

முந்தின மாலை எரிந்ததைச் சொல்ல மறுபடி மெக்கானிக்கிடம் போனார். இந்தத் தடவை மெக்கானிக் கருவியை அதிக நேரம் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"உங்க வண்டிக்குள்ள ஒரு கம்ப்யூட்டர் இருக்கு சார். அதுவும் உங்கள மாதிரி நோட்டு போடுற ஆளு. விளக்கு எரிஞ்சா, ஏன் எரிஞ்சதுன்னு எழுதி வெச்சிருக்கும். இதுல பக்கத்தையே யாரோ கிழிச்சிருக்காங்க."

"கிழிச்சா?"

"அழிச்சிட்டாங்க. நேத்தும் இப்படித்தான் காலியா இருந்தது, சந்தேகமா இருந்ததால சொல்லல. இன்னைக்கு இதப் பாருங்க." வண்டியின் கடிகாரத்தைக் காட்டினார். மணி ஒன்பது. வண்டிக் கடிகாரம் மூன்றேகால் காட்டியது. "பேட்டரி வயரக் கழட்டி மாட்டினா கடிகாரம் பன்னெண்டுல இருந்து ஆரம்பிக்கும், கம்ப்யூட்டர் எழுதினதும் போயிடும். நேத்து கடிகாரம் சரியா இருந்துச்சு. அப்போ நேத்து அழிச்சது வேற விதமா, கருவி வெச்சு. ரெண்டு நாள், ரெண்டு விதம். ரெண்டு பேர் சார்."

மழைக்காரருக்குத் தலை சுற்றியது. தன் வண்டியின் கோளாறைத் திருட இரண்டு திருடர்களா? பெட்ரோலைத் திருடலாம், சக்கரத்தைக் கழற்றலாம். விளக்கை அணைத்துவிட்டுப் போகும் திருடனை எந்த ஸ்டேஷனில் போய்ச் சொல்வது?

வீட்டில் சொன்னார். மச்சினன் துள்ளினான்.

"அந்த ஆளு டுபாக்கூர் அத்தான்! கண்டுபிடிக்கத் தெரியல, கதை விடுறாரு!"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி கழுவிய பாத்திரத்தையே இன்னொரு தடவை கழுவினாள்.

அன்று மாலை விளக்கு மறுபடி எரிந்திருந்தது, வெள்ளைச் சட்டையையும் மீறி. அவர் கணக்குப் போட்டார். காலை ஒன்பதுக்குக் கடிகாரம் மூன்றேகால் என்றால், பன்னிரண்டில் தொடங்கியது ஐந்தே முக்காலுக்கு. இருபத்திரண்டு வருட மழையை மணிவாரியாகக் கூட்டியவருக்கு இது பெரிய காரியமில்லை. வெள்ளிக்கிழமை ஐந்தே முக்காலுக்குக் குளியலறை ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

பானெட் திறந்திருந்தது. அதற்குள் தலையை விட்டுக்கொண்டு, ஸ்வெட்டரும் ரப்பர் செருப்புமாக, கையில் ஸ்பேனரோடு, அவர் மனைவி.

"கொஞ்சம் பொறுத்துக்கோம்மா" என்று நோயாளியிடம் பேசுகிற குரலில் இன்ஜினிடம் பேசிக்கொண்டிருந்தாள். "இன்னும் மூணே நாள். அப்புறம் என்ன வேணா பண்ணிக்கோ."

பேட்டரி வயரைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். அந்நேரம் மாடிப்படியில் சத்தம். அவள் சட்டென்று பானெட்டைச் சத்தமில்லாமல் சாய்த்துவிட்டு வண்டிக்குப் பின்னால் குந்தினாள். இறங்கி வந்தது மச்சினன், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. சாவி போட்டுக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு கருவியை எடுத்துச் செருகினான். சாவியைத் திருப்பினான். ஒன்றும் எரியவில்லை. மஞ்சள் விளக்கு மட்டுமில்லை, எந்த விளக்கும் எரியவில்லை.

"ஐயோ! செத்துப்போச்சே!" என்று அலறினான்.

"கத்தாதடா!" என்று பின்னாலிருந்து அக்கா எழுந்தாள்.

அவன் போட்ட இரண்டாவது அலறலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

மழைக்காரர் துண்டோடு இறங்கி வந்தபோது அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ எதுக்குடா அழிச்ச?"

"நான் வாங்கிக் குடுத்த வண்டிக்கா. நாளைக்கு நடுமலையில நின்னா ஊரே என்னத்தான் சொல்லும். செவ்வாய்க்கெழம ஒரு தடவ அழிச்சேன், சரியாயிடும்னு. நீ எதுக்குக் கழட்டின?"

அவள் தம்பியை விட்டுக் கணவரைப் பார்த்தாள்.

"விளக்கு எரிஞ்சா இவர் போக வேண்டாம்பார்னு."

"நான் எப்போ அப்படிச் சொன்னேன்?" என்றார் மழைக்காரர்.

"சொல்லல. போன்னும் சொல்லல. ஆர்டர் வந்து பத்து நாள் ஆச்சு. இந்த விளக்குக்கு நாலு பக்கம் எழுதியிருக்கீங்க. எனக்கு வேலை கெடச்சதுக்கு ஒரு வரி எங்கேயாவது இருக்கா?"

அவருக்குக் குழப்பமாக இருந்தது. ஆர்டர் வந்த அன்று சந்தோஷப்பட்டது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. சத்தமாகச் சந்தோஷப்பட்டாரா என்பதுதான் நினைவில்லை. இருட்டியபின் தனியாக மலை இறங்கி வருவாளே என்று பயந்ததும் நினைவிருக்கிறது. அதையும் சொல்லியிருக்கவில்லை. இரண்டும் வாய்வரை வந்து, யார் முதலில் போவது என்று நின்றுவிட்டிருக்க வேண்டும். இப்போதும் நின்றன. அதனால், "எண்ணெய் கையில ஒட்டிக்கிட்டிருக்கு பாரு" என்று தன் துண்டை நீட்டினார்.

மெக்கானிக்கைக் கைபேசியில் கூப்பிட்டு உண்மையைச் சொன்னார்கள். மறுமுனையில் ஒரு நீண்ட இருமல் கேட்டது. அவர் சிரித்துக்கொண்டிருக்கலாம்.

"இனிமே யாரும் கை வைக்காதீங்க. நல்லா ஓட்டுங்க. எரிஞ்சதும் அப்படியே கொண்டாங்க. சனிக்கிழமை நாலு மணி வரைக்கும்தான் இருப்பேன்."

கை வைக்காமல் இருப்பது அந்தக் குடும்பத்துக்குப் பழக்கமே இல்லாத வேலை. வெள்ளிக்கிழமை முழுக்க விளக்கு எரியவில்லை. சனிக்கிழமை காலை மூன்று பேரும் வண்டியில் ஏறி, எரி எரி என்று வேண்டிக்கொண்டே ஊரைச் சுற்றினார்கள். மனைவி ஓட்ட, அவர் பக்கத்தில், மச்சினன் பின்சீட்டில் நடுவில் எட்டிப் பார்த்தபடி. சந்தை வழியாகப் போனார்கள். ரயில் கேட்டில் நின்று பார்த்தார்கள். மழைக்காரர் வேண்டுமென்றே பழுப்புச் சட்டை போட்டு வந்திருந்தார். விளக்கு அசையவில்லை.

"வேணாங்கும்போது வரும், வேணும்னா வராது. உன்ன மாதிரியேடா" என்றாள் அக்கா.

"என்னக்கா, பின்சீட்டுல கம்முனுதானே இருக்கேன்!"

"மலைக்குப் போய்ப் பாக்கலாம்" என்றார் மழைக்காரர்.

அவளுடைய ஆஸ்பத்திரி வழி அதுதான். அவள் வண்டியைத் திருப்பினாள். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில், இரண்டாம் கியரில் வண்டி மூச்சுவாங்கும்போது, அந்த ஹெலிகாப்டர் மஞ்சளாக எரிந்தது. மூன்று பேரும் கைதட்டினார்கள். எதிரே வந்த லாரிக்காரர் என்னவோ ஏதோ என்று ஹார்ன் அடித்துவிட்டுப் போனார்.

மூன்று மணி நாற்பதுக்கு ஒர்க்‌ஷாப். மெக்கானிக் கருவியைப் பார்த்து, முதல் தடவையாகத் தலையாட்டினார். இன்ஜினுக்குப் பின்புறம் கையை விட்டுத் தடவி, சுண்டுவிரல் பருமனில் ஒரு ரப்பர் குழாயை எடுத்தார். நுனிக்குப் பக்கத்து வளைவில் கீறல். சும்மா பார்த்தால் தெரியவில்லை. மடக்கினால் வாய் திறந்தது.

"சூடாகி, ஏத்தத்துல இழுக்கும்போது இது வாயத் திறக்குது. வேண்டாத காத்து உள்ள போகுது. அவ்வளவுதான்." கீறின நுனியை வெட்டிவிட்டு, மிச்சக் குழாயை இழுத்து மாட்டினார். "புதுக் குழாய் வியாழக்கிழமைதான் வரும். அதுவரைக்கும் இது தாங்கும். விளக்கு மறுபடி எரியலாம், எரியாமலும் போகலாம். நிலையா எரிஞ்சா ஓட்டுங்க. மினுக்கினா ஓரமா நிறுத்துங்க."

"அப்போ திங்கட்கிழமை போகலாமா, வேண்டாமா?" என்று கேட்டார் மழைக்காரர்.

"சார், நான் குழாயப் பத்திச் சொன்னேன். போறதப் பத்தி என்னக் கேட்டா எப்படி?"

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மனைவி கைபேசியும் கையுமாக நின்றாள். ஆஸ்பத்திரி எண் திரையில் இருந்தது. அவள் அழுத்தவில்லை, அவரைப் பார்த்தாள்.

நோட்டை மூடிவிட்டு மழைக்காரர் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

"எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆர்டர் வந்த அன்னைக்கே சொல்லியிருக்கணும். பயமாவும் இருக்கு. ரெண்டுல எது ஜாஸ்தின்னு கேக்காத, எனக்கே புரியல. ஆனா நீ போ."

"விளக்கு எரிஞ்சா?"

"எரிஞ்சாலும் போ."

அவள் அழுத்தினாள். "வணக்கம் சார், நாளைக்குச் சேந்துக்கறேன்" என்று சொல்லும்போது அவள் குரலில் இருந்ததை அவர் பதினோரு வருடமாகக் கேட்டதில்லை.

திங்கட்கிழமை இன்னும் இருட்டு பிரியும் முன் அவள் கிளம்பிப் போனாள். மழைக்காரர் சைக்கிளில் அலுவலகம் போய், அளக்க மழையே இல்லாத ஒரு காலையில் கைபேசியையே அளந்துகொண்டிருந்தார். ஏழரைக்குச் செய்தி வந்தது.

'விளக்கு வந்துச்சு. நானும் வந்துட்டேன்.'

மூன்று தடவை படித்தார். நல்ல சேதியா, கெட்ட சேதியா? எந்த வளைவில் எரிந்தது? நிலையாகவா, மினுக்கலா? என்ன வேகம், என்ன கியர்? எல்லாவற்றையும் வரிசையாகத் தட்டினார். அனுப்பப் போனவர், ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு, வேறு ஒன்றைத் தட்டி அனுப்பினார்.

'சாப்பிட்டியா?'