கரண்டு உண்டோ?

1

இந்தக் கதை ஒரு பள்ளிக் கணக்கிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். பத்தாம் வகுப்புப் பயிற்சிக் கையேடு ஒன்றுக்கு மின்சாரப் பாடத்தில் கணக்குகள் எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். 'மின்னழுத்தம் 230 வோல்ட். மின்னோட்டம் 0.2 ஆம்பியர். மின்தடையும் திறனும் எவ்வளவு?' என்று ஒன்று எழுதினேன். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை, 1150 ஓம். இரண்டையும் பெருக்கினால் திறன், 46 வாட். (மின்தடை என்றால் எங்கள் வீட்டில் விளக்கு போவது. அதே சொல்லைப் பாடத்தில் வேறு எதற்கோ வைத்தவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.) விடை சரிதானா என்று திருவனந்தபுரம் பக்கம் கழக்கூட்டத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஹரிகுமாரிடம் போனில் கேட்டேன்.

"கணக்கெல்லாம் சரிதான். ஆனா அது என்ன சாதனம்னு எழுதலியே?"

"என்னவா இருக்கும்?"

"ஒரு குண்டு பல்பா இருக்கலாம். இல்லேன்னா ஈரத் தரையில நிக்குத ஒரு ஆளா இருக்கலாம். மனுஷனுக்கும் ஏகதேசம் அவ்வளவு ஓம்தான், கேட்டோ. கணக்குக்கு ரெண்டும் ஒண்ணாக்கும்."

சிரித்தபடி வைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கணக்கைக் கையேட்டுக்கு அனுப்பவும் இல்லை.

2

முதல் தொடக்கம்: 'ஸ்ரீவராகத்தில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த'

வேண்டாம். திருவனந்தபுரம் என்றால் மழையில்தான் தொடங்க வேண்டுமா என்ன?

இரண்டாவது: 'வினய் செத்துப்போவான் என்று அன்று காலை யாரும்'

இதுவும் வேண்டாம். அவன் சாக வேண்டும் என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஜானவி இயற்பியல் ஆசிரியை. ஸ்ரீவராகத்தில் ஒரு பழைய வீட்டில் அண்ணன் வினயுடன் இருக்கிறாள். அவனை விட்டால் அவளுக்கு வேறு யாரும் இல்லை. வகுப்பில் காட்டுவதற்காக ஒரு கிளாம்ப் மீட்டர் வாங்கியிருக்கிறாள். கம்பியைக் கவ்விக்கொண்டு, அதில் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று காட்டும் கருவி. ஞாயிற்றுக்கிழமைப் பகலில், முன்கூடத்து மெயின் போர்டில் அதை மாட்டி வேடிக்கை பார்க்கிறாள். வீட்டில் எல்லா சுவிட்சும் அணைந்திருக்கிறது. பின்கட்டுக் குளியலறையில் வினய் வெந்நீர் ஹீட்டரின் கம்பியை மாற்றப் போகிறான். வெறுங்கால், ஈரத் தரை. தங்கை போர்டுக்கு அருகில் நிற்பதால் மெயினை அணைத்திருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறான். இருந்தாலும் கேட்கிறான்.

"ஜானு! கரண்டு உண்டோ?"

அவள் மீட்டரைப் பார்த்தாள். 0.0.

"இல்லேண்ணா! சீரோ!"

3

(நம் ஊரில் கரண்டு என்றால் மின்சாரம் மொத்தமும்தான். தமிழில் போனாலும் மலையாளத்தில் வந்தாலும் அதே கரண்டு. இயற்பியல் ஆசிரியைக்கு மட்டும் கரண்டு என்பது ஓடுவது. ஒன்றும் இயங்காத வீட்டில் ஓடுவதற்கு எதுவும் இல்லை. ஆனால் 230 வோல்ட் கம்பியின் நுனிவரை வந்து நிற்கிறது, யாராவது தொடட்டும் என்று. அவள் சொன்னது பாடத்தின்படி சரி. எழுதும்போது அவள்மேல் எனக்குக் கோபமாக வந்தது. பிறகு பயமாக இருந்தது.)

மீட்டரில் எண் மாறியது. 0.2.

பழக்கம் முந்திக்கொண்டது. வகுத்தாள்: 1150. பெருக்கினாள்: 46. விடை வந்த பிறகுதான், அது எதனுடைய விடை என்று யோசித்தாள்.

4

இங்கே நான் நிறுத்தப் பார்த்தேன். 0.2 என்பதை அழித்து 0.0 என்று போட்டுவிட்டுக் கணினியை மூடினேன். மறுநாள் காப்பியோடு வந்து திறந்தால் 0.2 என்றே இருந்தது. சேமிக்க மறந்திருப்பேன் என்று மறுபடி மாற்றி, சேமித்து, வாய்விட்டு வாசித்தும் பார்த்தேன். சாப்பிட்டுவிட்டு வந்தால் 0.2. அதற்குக் கீழே நான் எழுதாத ஒரு வரியும் இருந்தது:

"சார், சீக்கிரம். அண்ணா பேசமாட்டேங்கறான்."

[இந்த வரியை நீக்கிவிட்டேன். நீங்கள் இப்போது இதை வாசிக்கிறீர்கள் என்றால், அது போகவில்லை.]

சரி, அவளுக்காக ஒரு முடிவு. கம்பியைத் தொடுவதற்கு முன், விவரமானவர்கள் செய்வதுபோல, வினய் குளியலறை விளக்கின் சுவிட்சைத் தட்டிப் பார்க்கிறான். பல்பு எரிகிறது. ஐயோ, கரண்டு இருக்கிறதே என்று கையை இழுத்துக்கொள்கிறான். மீட்டரில் தெரிந்தது அந்தப் பல்பு.

இன்னொரு முடிவு. அவன் தட்டிப் பார்க்காமலே

இரண்டுக்கும் எண் ஒன்றுதான். கணக்கை எழுதியவன் நான். என்னாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

5

ஜானவி மெயினை அணைத்தாள். நான் எழுதும்வரை அவள் காத்திருக்கவில்லை. எண் 0.0 ஆயிற்று. பல்பானாலும் ஆளானாலும் அப்படித்தான் ஆகும்.

பின்கட்டுக்கு ஓடினாள். குளியலறைக் கதவு ஈரத்தில் ஊதிப்போய் நிலையோடு இறுகிக் கிடக்கிறது. தோளால் இடிக்கிறாள். "அண்ணா! ஏதாவது சொல்லேன்!"

பல்பு எரிந்திருந்தால் அது இப்போது அணைந்திருக்கும். அவன் எரிச்சலில் கத்த வேண்டும். கரண்டு இருந்தபோது இல்லை என்றாய், இப்போது இருட்டில் நிற்க வைக்கிறாய், நீயெல்லாம் என்ன டீச்சர் என்று. அந்தத் திட்டை அவன் வாயில் எத்தனையோ விதமாகப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மேற்கோள் குறிகள் மட்டுமே மிச்சம் இருக்கின்றன.

"                              "

அவனுக்குப் பதிலாக நானே திட்டலாம் என்றால், என் குரலை அவள் அடையாளம் கண்டுகொள்கிறாள் என்று நினைக்கிறேன். கதை முழுக்கப் பேசியவன் நான்தானே. நீங்கள் இதுவரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. உங்கள் குரல் அவளுக்குத் தெரியாது.

அவள் இடிப்பதை நிறுத்திவிட்டுக் கதவில் காதை வைத்திருக்கிறாள். யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். வாயைத் திறந்து, கொஞ்சம் கடுப்பாகவே, அவளை ஒரு திட்டுத் திட்டுங்கள்.