ஜுரமில்லாத நோயாளி

வரதனுக்கு முந்தாநாளிலிருந்து ஜுரம். சதுரங்கப்பட்டினத்தில் தெருவுக்கு ஒருவர் டெங்குவில் படுத்திருந்ததால் அவன் மனைவி ரெபேக்காள் பயந்துபோனாள்.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. டெங்குவைக் கண்டுபிடிக்க அங்கே ஒரு புதுக் கருவி செய்துகொண்டிருந்தார்கள். சோப்பில் சாவியை அழுத்தி அச்சு எடுப்பதுபோல, வைரஸின் வடிவத்தைப் பாலிமர் பூச்சில் பதித்த சின்னப் பட்டை அது. ஒரு சொட்டு ரத்தம் விட்டால், அதிலிருக்கும் வைரஸ் அந்தக் குழியில் போய் உட்காரும். பட்டையோடு இணைத்த மீட்டரில் சிவப்பு எரியும்; வைரஸ் இல்லாவிட்டால் பச்சை. ஆய்வுக்கூடத் தலைவி அமிர்தவல்லியிடம் கேட்டு, அதை வீட்டுக்கு எடுத்துவந்தாள்.

வரதன் விரலில் குத்திப் பார்த்தாள். பச்சை. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. நன்றாக இருக்கிற ஆளின் ரத்தத்தோடு ஒப்பிடலாம் என்று தன் விரலையும் குத்தினாள். சிவப்பு எரிந்தது.

"இன்னாடி இது, ஜுரம் எனுக்கு, டெங்கு உனுக்கா?" என்றான் வரதன்.

"பட்டை மாறிப்போச்சோ இன்னாவோ."

புதுப் பட்டைகளில் மறுபடி பார்த்தாள். அதேதான். அமிர்தவல்லிக்குப் போன் செய்தாள்.

"அதே வடிவத்துல வேற ஏதாவது ஒட்டிக்கிட்டாலும் சிவப்பு காட்டும் ரெபேக்கா. நம்பாதீங்க."

"அவருக்குப் பச்சை காட்டுச்சே மேடம்?"

"அதையும் நம்பாதீங்க. ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியில ரத்தம் குடுங்க."

கொடுத்தார்கள். வரதனுக்குத் தொண்டைப் புண். டெங்கு அவளுக்குத்தான்.

"சிலருக்கு ஜுரமே இல்லாம வந்துட்டுப் போயிடும். சிலருக்கு அப்புறமா வரும்" என்றார் டாக்டர்.

"எனக்கு எது சார்?"

"பார்க்கலாம். கொசு கடிக்காம இருங்க. உங்களைக் கடிச்ச கொசு இன்னொருத்தருக்குப் பரப்பிடும்."

ஒரு நோவும் இல்லாத ரெபேக்காள் கொசுவலைக்குள் உட்கார்ந்தாள். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வரதன் கஞ்சி காய்ச்சினான். அவள் அடிக்கடி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு நேரம் சுடுவதுபோல இருந்தது, ஒரு நேரம் இல்லை.

"உனுக்கு ஜுரம் கீதா, இல்லியா?"

"தெரியலய்யா. நீ தொட்டுப் பாரேன்."

"என் கையே கொதிக்குது. நான் எப்டி சொல்றது?"

ஜுரம் வரவேயில்லை. அடுத்த வாரம் எடுத்த ரத்தத்தில் வைரஸும் இல்லை. வேலைக்குத் திரும்பியதும் அமிர்தவல்லி கேட்டாள்: "உடம்பு எப்போ சரியாச்சு?"

ரெபேக்காள் யோசித்துப் பார்த்தாள். "எப்போ கெட்டுச்சுன்னே தெரியல மேடம்."

கருவி சொன்னது சரிதான் என்று அமிர்தவல்லிக்குச் சந்தோஷம். சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று ரெபேக்காளுக்குத்தான் விளங்கவில்லை.