ஆறடிக் குட்டைச் செடி

சாம்பக்கரடு ஸ்டேசன்ல கஞ்சாச் செடியப் புடிச்சா வெட்டிப் போடுறதில்ல. வேரோட கூட்டியாந்து லாக்கப்புல வைக்கிறதுதான். அக்யூஸ்டு செடி, வளத்தவரு வெறும் சாட்சி. செடிக்கு ரெண்டு வேளை தண்ணி, ஒரு வேளை வெயிலு. ஞாயித்துக்கெழமை சொந்தபந்தம் வந்து பாத்துக்கலாம்.

ஏட்டு ஒச்சப்பனுக்கு இதெல்லாம் பழகிப்போன வேலை. இருவத்தெட்டு வருசமா செடி மேல கேசு எழுதுறாரு. காயிதத்துல ஒசரம்னு ஒரு கட்டம் வரும் பாருங்க, அதுல செடியப் பாக்காமலே ஆறடின்னு போட்டுட்டு டீக்கடைக்குப் போயிருவாரு. மலையில வெளையுறதெல்லாம் ஒட்டடைக்குச்சியாட்டம் நீண்டு கெடக்கும், அதனால இம்புட்டு நாளும் ஓடிருச்சு. இந்தத் தடவையும் எழுதி, கையெழுத்துப் போட்டு, கோர்ட்டுக்கு அனுப்பி, ஒரு டீயும் ரெண்டு வடையும் உள்ள தள்ளிட்டு வந்துதான் லாக்கப்ப எட்டிப் பாத்தாரு. செடி அவரு முழங்காலுக்கு நின்னுச்சு. ஒண்ணரை அடி.

வாய்தா அன்னைக்குக் கோர்ட்டுல செடிய அளப்பாங்க. எழுதுன ஒசரத்துல எம்புட்டு கொறையுதோ, அதை எழுதுனவரு ஒடம்புல இருந்து எடுத்து ஈடு கட்டணும். அதுதான் மொறை. முன்னாடி இருந்த ரைட்டர் ஒரு தடவை ஒரு அடி குடுத்தாரு. இப்ப பழைய சட்டையவே முழு உடுப்பாப் போட்டுக்கிட்டுக் காத்தோட்டமாத் திரியுறாரு. ஒச்சப்பன் அஞ்சே முக்கால் அடி ஆளு. நாலரை போனா மிச்சம் ஒண்ணேகால். தொப்பிக்கும் பூட்சுக்கும் நடுவுல ஏட்டுன்னு சொல்ல ஒண்ணும் இருக்காது.

சம்சாரம் அங்கம்மாகிட்டச் சொன்னாரு. அந்தம்மா வெங்காயம் உரிச்சுக்கிட்டே, "விடுங்க, கல்யாணங்காட்சிக்கெல்லாம் இடுப்புல தூக்கி வச்சுக் கூட்டிட்டுப் போறேன்"னுச்சு. ஆறுதலா நக்கலான்னு அவருக்குப் புடிபடல.

ஞாயித்துக்கெழமை, செடிய வளத்த பெருங்காமன் பாக்க வந்தாரு. எதைப் போட்டா ஒசரும்னு ஒச்சப்பன் கெஞ்சாத கொறையாக் கேட்டாரு.

"ஏட்டய்யா, இதுக்கு அப்பன் குட்டை, ஆத்தா குட்டை. மேல போடான்னா பக்கத்துல போகும். இதுகிட்டப் போயி ஆறடி கேட்டா எங்கிட்டுப் போகும்?"

பொறவு ஒக்காந்து அதோட வம்சத்தையே சொன்னாரு. வடக்க எங்கிட்டோ பனி மலையில பொறந்த சாதியாம். காத்துக்குப் பயந்து தரையோட தரையா ஒண்டி வளந்த பரம்பரை. எலை ஒவ்வொண்ணும் உள்ளங்கை அகலம், கணுவுக்குக் கணு நாலு விரக்கடை கூடத் தேறாது. வந்து அறுபது நாளுக்குள்ள பூத்து முடிச்சிரும். பூவும் பொசுபொசுன்னு இருக்காது, வெல்லக்கட்டியாட்டம் கெட்டி, தொட்டா விரல்ல பிசுக்குன்னு ஒட்டும். ஒசரமா வளர்ற செடி ஆளைப் பேச விடும், இது படுக்கப் போடும். இதைச் சொல்லிக்கிட்டே பெருங்காமனும் படுத்துட்டாரு. பார்வை நேரம் முடிஞ்சதும் ரெண்டு பேரு தூக்கிட்டுப் போயி வெளிய வச்சாங்க.

ஒச்சப்பன் விடல. வெளிச்சம் தூரமா இருந்தா தேடிக்கிட்டு நீளும்னு பல்பை உச்சி மோட்டுல தூக்கிக் கட்டுனாரு. செடி அண்ணாந்து பாத்துட்டு, வேணும்னா நீ எறங்கி வான்னு சொல்ற மாதிரி எலைய விரிச்சு வச்சுச்சு. யூரியா போட்டாரு. எலை நுனிதான் கருகுச்சு. காவலுக்கு நின்ன மாயக்கா, லேடி கான்ஸ்டபிளு, வாய்க்குப் பூட்டே கெடையாது. "ஏட்டய்யா, இப்பவே ஒரு முக்காலி செய்யச் சொல்லிரவா? பொறவு அவசரத்துக்குக் கெடைக்காது"ன்னுச்சு.

மாசம் ஒண்ணரை ஆச்சு. குளிரு எறங்கவும் எலை ஓரமெல்லாம் கத்திரிக்கா நெறத்துக்கு மாறுச்சு. பழுத்த எலுமிச்சம்பழம் ஆட்டுக்கெடையில விழுந்த மாதிரி ஒரு வாசம். அந்த வாசத்துக்கு ஸ்டேசன்ல நிக்கிறதெல்லாம் தன்னால எறங்க ஆரம்பிச்சுச்சு. லத்தி சுவத்துல இருந்து சரிஞ்சு படுத்துக்கிச்சு. நாற்காலி கால மடக்கிக்கிச்சு. சுவத்துக் கடியாரம் ரெண்டு நாளு மூணு மணியிலயே தூங்குச்சு, அதை யாரும் எழுப்பல.

வாய்தாவுக்கு மூணு நாளைக்கு முன்ன கோர்ட்டு டேப்பு வந்து சேந்துச்சு. அளக்குற டேப்பும் அளக்கப்போற அக்யூஸ்டும் ஒண்ணாத் தங்கிப் பழகணும். முன்னப்பின்ன தெரியாத டேப்பு கூச்சப்பட்டுத் தப்புத்தப்பாச் சொல்லிரும்னு அப்பிடி ஒரு வழக்கம். இரும்பு டேப்பு, ரொம்ப வெறைப்பு. மொத நாளு சுவத்தோரமா அட்டென்சன்ல நின்னுச்சு. ரெண்டாம் நாளு சாஞ்சுச்சு. மூணாம் நாளு செடிக்கடியில உருண்டு கெடந்து கொறட்டை விட்டுச்சு. ஒச்சப்பன் அதைப் பாக்கக்கூட இல்ல. வீட்டுல தன் பேண்டை ஒவ்வொண்ணா எடுத்து மடிச்சு, மச்சானுக்குக் குடுக்கப் பையில வச்சுக்கிட்டு இருந்தாரு.

கோர்ட்டுல, ஈடுக்கு ஆளை வெட்டிக் கொறைக்கிற தையக்காரரு சாக்குக்கட்டியோட தயாரா நின்னாரு. ஒச்சப்பன நிக்க வச்சு, தரையில இருந்து ஒண்ணேகால் அடியில ஒரு கோடு போட்டாரு. நல்ல கை, வலியே தெரியாதுன்னு பக்கத்துல இருந்தவங்க சொன்னாங்க. ஒச்சப்பன் கோட்டையே குனிஞ்சு பாத்துக்கிட்டு இருந்தாரு. அதுக்கு மேல இருக்குறதெல்லாம் இன்னும் அவருதுதான், ஆனா அந்நியமாத் தெரிஞ்சுச்சு.

ஜட்ஜம்மா தலைய அசைக்கவும், குமாஸ்தா டேப்பை இழுத்துச் செடியோரம் பிடிச்சாரு. டேப்பு பாதிக் கண்ணைத் தொறந்துச்சு. மூணு நாளு சகவாசம். அடிக்கு அடி இருந்த எடமெல்லாம் செடியோட கணு மாதிரி நெருங்கிப் போயி, நாலு விரக்கடைக்கு ஒரு அடின்னு ஒக்காந்திருந்துச்சு. குமாஸ்தா ஒண்ணு, ரெண்டுன்னு வாய்விட்டுப் படிச்சுக்கிட்டே மேல போனாரு. கொழுந்துக்கிட்டப் போயி நிறுத்துனாரு.

"ஆறடி. ஒரு நூல் கூட இருக்கும்மா."

எழுதுனதும் ஆறு, இருக்குறதும் ஆறுன்னு ஜட்ஜம்மா குறிச்சுக்கிட்டாங்க. உள்ள இருந்த அறுபது நாளே தண்டனைக்குச் சரியாப் போச்சுன்னு செடியப் பெருங்காமன் கையில குடுத்துட்டாங்க. தையக்காரரு கோட்டைத் துணியால தொடைச்சு விட்டுட்டு, இன்னொரு நாளைக்குப் பாப்போம்ணேன்னு கெளம்புனாரு.

ஒச்சப்பன் அறுபது நாளா உள்ளயே போட்டு அமுக்கி வச்சிருந்த பெருமூச்சு அப்பத்தான் வெளிய வந்துச்சு. வந்து, மேல ஒட்டுன தூசியத் தட்டிவிட்டு, ஜட்ஜம்மாவுக்கு ஒரு கும்புடு போட்டுட்டு, அவரு பின்னாடியே பஸ்ஸ்டாண்டுக்கு நடந்துச்சு. பஸ்ல ஒரே ஒரு எடந்தான் காலி, சன்னலோரம். பெருமூச்சு போயி அதுல ஒக்காந்துக்கிச்சு. கண்டக்டர் ரெண்டு டிக்கெட்டாக் கிழிச்சுக் குடுத்தாரு. சாம்பக்கரடு வர்ற வரைக்கும் ஒச்சப்பன் கம்பியப் புடிச்சுக்கிட்டு, முழு ஒசரத்துக்கும் நின்னுக்கிட்டே வந்தாரு.