ஒரு வார நாய்க்குட்டி

சலூன்காரருக்கு ஓர் ஆசை வந்துவிட்டால் மசக்கைக்காரிகூடத் தோற்றுப்போவாள். முதலில் மீன் தொட்டி கேட்டார். பிறகு புல்லாங்குழல், அதன்பின் மொட்டைமாடியில் காளான் வளர்ப்பு. மீனுக்குத் தண்ணீர் மாற்றியது அவர் மனைவி. அழுகிய காளானை வாரிக் கொட்டியதும் அவள்தான். புல்லாங்குழலால் மட்டும் அவளுக்கு வேலையில்லை, அது தானாகவே வாயை மூடிக்கொண்டது. இப்போது மனிதர் நாய்க்குட்டி வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றார்.

அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். விடியுமுன் கிளம்பினால் பொழுது சாயத்தான் வருவாள். கீழே சலூன், மாடியில் வீடு. குட்டி வந்தால் அதுவும் தன் தலையில்தான் விடியும் என்று அவளுக்குத் தெரியாதா? வேலை கூடுவதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். ஆனால் புல்லாங்குழலை மூலையில் போட்டால் அது ஏங்காது, நாய் ஏங்கும். ஆசை தீர்ந்ததும் கைகழுவப்பட்ட ஒரு நாயின் முகத்தைத் தன் வீட்டில் தினமும் பார்க்க அவளால் ஆகாது. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லவும் மனசு வரவில்லை. தெருவில் எந்த நாய் எதிர்ப்பட்டாலும் நின்று சௌக்கியம் விசாரித்துவிட்டு வருகிற மனிதரிடம் எப்படிச் சொல்வது?

ஆகவே ஒரு தந்திரம் செய்தாள். சாவி கொடுக்கும் பழைய அலாரம் கடிகாரத்தை ஒரு கூடையில் வைத்து, கைப்பிடியில் கயிறு கட்டி அவரிடம் நீட்டினாள். ஒரு வாரத்துக்கு இதுதான் குட்டி. தனியே விடக்கூடாது. மணி அடித்தால் எந்த வேலை கையில் இருந்தாலும் வெளியே கூட்டிப்போய், கொஞ்ச நேரம் நின்று, திரும்பக் கூட்டிவர வேண்டும். வந்ததும் அடுத்த மணிக்கு முள்ளைத் திருப்பி வைக்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் நிஜக் குட்டி, இல்லையென்றால் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது. இரண்டு நாளில் ஓய்ந்துவிடுவார் என்பது அவள் போட்ட கணக்கு.

முதல் நாளே கூடையை மாடியில் மறந்துவிட்டுக் கடைக்கு இறங்கிவிட்டார். மாலையில் அவள் வந்து, கூடை இருந்த இடத்தில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொட்டினாள். துடைக்கும் துணியை அவர் கையில் கொடுத்தாள். குட்டி கடித்துவிட்டதாகச் சொல்லி அவருடைய செருப்பில் ஒன்றையும் ஒளித்துவைத்தாள். இந்த ஒரு தடவைதான் மன்னிப்பு என்றாள். அவர் மூச்சுக்காட்டாமல் முட்டிபோட்டுத் துடைத்தார். அவள் அறிந்தவரை அது புது வழக்கம்.

அதன்பிறகு தெருவே அவரைப் பற்றிப் பேசத் தொடங்கியது. பாதிக் கன்னம் மழித்த ஆளை நுரையோடு உட்காரவைத்துவிட்டுக் கூடையும் கையுமாகக் கிளம்பிவிடுகிறாராம். எதிர்க்கடைத் தையற்காரர் அவளையே நிறுத்தி, வீட்டில் எல்லாம் நலம்தானே என்று பக்குவமாகக் கேட்டார். அவளுக்கு மானம் போயிற்று. பகலில் நான் என்ன பார்த்துக்கொண்டா இருக்கிறேன், ஒன்றிரண்டு மணியை விட்டுவிட்டால்தான் என்ன என்று சாப்பிடும்போது தானே வழி சொல்லிக் கொடுத்தாள்.

"நீ பாக்கலைன்னா குட்டிக்கு அவசரம் வராதா?" என்றார் அவர், தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

அவள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

கடைசி நாள் பிற்பகலில் மழை கொட்டியது. அவளுடைய பேருந்து சிவப்பு விளக்குக்காகச் சலூனுக்கு எதிரே நின்றது. அவர் விளக்குக் கம்பத்தடியில் குனிந்து நின்றுகொண்டிருந்தார். கையில் குடை இருந்தது, ஆனால் அது கூடைக்கு மேலே இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்க, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, கூடைக்குள் பார்த்து ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். சலூன் வாசலில், கழுத்தில் துணி கட்டிய ஒருவர் பாதி வெட்டிய தலையோடு பொறுமையாகக் காத்திருந்தார்.

முன் இருக்கைக்காரர் அதைப் பக்கத்திலிருந்தவருக்குக் காட்டினார். கூடைக்குள் வெறும் கடிகாரம்தான், தினமும் உலாத்தக் கூட்டிப்போகிறார் என்று விஷயம் தெரிந்த இன்னொருவர் சொல்ல, சிரிப்பு பின்வரிசைவரை ஓடியது. ஆளுக்கு முற்றிவிட்டது என்றார் கண்டக்டர்.

அவள் பேசாமல் இருந்திருக்கலாம். அந்த வண்டியில் அவரை அவளுடைய கணவர் என்று அறிந்தவர் யாருமில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அவள் இன்னொரு முறை பார்த்தாள். அவள் இங்கே இருப்பது அவருக்குத் தெரியாது. இல்லாத ஒரு குட்டி நனையக்கூடாது என்று அந்த மனிதர் நனைந்துகொண்டிருந்தார். இவரையா சோதித்தோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பெருமையாக இருந்தது.

பச்சை விழுந்தது.

"அவர் என் வீட்டுக்காரர்" என்றாள், கடைசி இருக்கைக்கும் கேட்கும்படி. சிரிப்பு சட்டென்று அடங்கியது. "நாங்க நாய்க்குட்டி வாங்கப்போறோம்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.