வீரபாண்டி திரும்பி வந்த விதங்கள்

1.
இந்தக் கதை அமுதவள்ளிக்குத் தானாகத் தோன்றியதல்ல, ராமாத்தாள் அக்கா கேட்டு வாங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அமுதவள்ளி மட்டாஞ்சேரியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவள். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறவள். (இதை எழுதுகிறவளும் அவள்தான். ‘நான்’ என்று எழுதினால் தன்மேலேயே இரக்கம் வந்துவிடுகிறது, அதனால் ‘அவள்’.) ராமாத்தாள் கொச்சங்காடியில் பக்கத்து வீடு, கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. அவள் புருஷன் வீரபாண்டி ஆலுவா வரைக்கும் போய்வருகிறேன் என்று கிளம்பியவர், வரவில்லை. தேடியவர்களும் ஓய்ந்து பல வருஷமாயிற்று.

“நீதான் கதை எழுதுறியே மோளே. அதுல அவர வரவெச்சுத் தா” என்றாள்.

2.
‘கதவு தட்டும் சத்தம் கேட்டு ராமாத்தாள்’

அதற்குமேல் ஓடவில்லை. வராத மனுஷரை வரவைக்க அமுதவள்ளிக்குக் கை கூசியது. போனிலிருந்த ஏஐயிடம் கொடுத்தாள். அதற்குக் கூச்சமே கிடையாது. ‘ஏலக்காய் மணக்கும் மட்டாஞ்சேரியின் மாலைப்பொழுதில்’ என்று ஆரம்பித்தது. (தினமும் காலையில் ராமாத்தாள் கூட்டி அள்ளுவது வேறு மணம்.) அடித்துவிட்டு மறுபடி கேட்டாள். வீரபாண்டி மழையோடு வந்தார். கடைசிப் படகில் வந்தார். ஒருமுறை வல்லார்பாடம் துறைமுகத்துக் கன்டெய்னர்களெல்லாம் காயலில் மிதக்க, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித் தாவி, கால் நனையாமல் வந்து சாயா கேட்டார்.

3.
ஞாயிறு மதியங்களில் அமுதவள்ளி வாசிப்பாள், ராமாத்தாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். தூரத்தில் கப்பல் ஊதும். அக்காவின் முகம் அப்படியே இளகிப்போகும். பிறகு திருத்துவாள். அவர் கதவைத் தட்ட மாட்டார், [ … ]. சிரித்தால் [ … ]. சாயாவை [ … ]. எல்லாவற்றையும் ஏஐ வாங்கிக்கொண்டது. வாரத்துக்கு வாரம் வீரபாண்டி தேறிக்கொண்டே வந்தார். அமுதவள்ளிக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. இத்தனை உயிரோடு ஓர் ஆளை அவள் எழுதியதே இல்லை.

(அடைப்புக்குறிக்குள் காலியாக இருப்பவை அவள் பின்னால் எடுத்துவிட்டவை. காரணம் அடுத்து வருகிறது.)

4.
ஒரு ஞாயிறு, பாதி வாசிப்பில் ராமாத்தாள் அவள் கையைப் பிடித்தாள்.

“மதி மோளே, போதும். நிறுத்து.”

பிடிக்கவில்லையா என்று கேட்டாள் அமுதவள்ளி.

“நல்லாத்தான் இருக்கு. இன்னைக்குக் காலைல அவர நெனச்சேன். இந்தாளுதான் வந்தாரு. எங்க வீட்டுக்காரரு வரல.”

அவள் அழவில்லை, பயந்திருந்தாள். அமுதவள்ளி போனைக் கவிழ்த்து வைத்தாள். ஏஐயைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? கேட்டதைக் கொடுத்தது. எவ்வளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று அதற்குத் தெரிய வழியில்லை. யாருக்காகவும் அது காத்திருந்ததில்லை.

5.
எல்லாவற்றையும் அழித்தாள். அழித்து முடித்ததும், முடிவு எழுதித் தரட்டுமா என்று ஏஐ கேட்டது. (அ) அவர் வருகிறார். (ஆ) அவர் இறந்த செய்தி வருகிறது. (இ) ராமாத்தாள் திடுக்கிட்டு விழித்து

வேண்டாம்.

உங்களுக்குள்ளும் இந்நேரம் ஒரு வீரபாண்டி உருவாகியிருப்பார், மீசையோ வழுக்கையோ வைத்து. அவரை எப்படி வேண்டுமானாலும் வரவைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் பாடு. கொச்சங்காடிப் பக்கம் மட்டும் கூட்டி வந்துவிடாதீர்கள். அங்கே ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு, தன் புருஷனின் முகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.