நல்லா யோசி

பள்ளிக்கூடத்துக்கு டேப்லெட் வந்தபோது பெற்றோரை எல்லாம் பெரிய கூடத்தில் உட்கார வைத்துக் கம்பெனிக்காரர் ஒருவர் பேசினார். நான் அந்தப் பள்ளியின் வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள். எனக்கு அங்கே நாற்காலி கிடையாது. அக்காவுக்கு வேலையில் லீவு கிடைக்காததால், அவள் மகள் பட்டாணிக்காக நான் போய்ச் சுவரோடு சுவராக நின்றேன்.

"குழந்தைகிட்ட தப்புன்னு சொல்லக்கூடாது. மனசு சுருங்கிடும்," என்றார் அவர். "எங்க டேப்லெட் அந்த வார்த்தையைச் சொல்லவே சொல்லாது. பதில் சரியில்லன்னா 'நல்லா யோசி'ன்னு அன்பா சொல்லும். சரியா இருந்தா மணி அடிச்சு நட்சத்திரம் கொடுக்கும். தூண்டல், துலங்கல், பரிசு. குழந்தை தானாவே கத்துக்கும்."

நான் ஒன்பதாவதோடு நின்றுவிட்டவள். 'தப்பு' என்ற சொல்லைப் போதும் போதும் என்று கேட்டாயிற்று. அது விழாத வகுப்பு என்றதும் பட்டாணி மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

பிள்ளைகள் டேப்லெட்டுக்கு டப்பா மிஸ் என்று பெயர் வைத்தார்கள். சில வாரங்களில் வேனுக்குள் புது வசவு ஒன்று கிளம்பிவிட்டது. "உன் டிராயிங் ஒரே யோசி," என்பாள் ஒருத்தி. "நீதான்டி யோசி," என்பாள் மற்றவள். டிரைவர் அண்ணன் ஒரு நாள் திருப்பத்தில் பிரேக் போட்டதும் பின்னாலிருந்து மொத்தக் கூட்டமும் "யோசி அங்கிள்" என்று கத்தியது.

"என் பொண்டாட்டி இத வருஷக்கணக்கா சொல்லிட்டிருக்கா," என்றார் அவர். "அவளுக்கு யாரும் நட்சத்திரம் கொடுக்கல."

நானும் சிரித்தேன்.

வீட்டில் ஒரு காலையில் அக்கா அவசரமாகக் கேட்டாள்: "பல்லு விளக்கினியாடி?"

"விளக்கிட்டேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

பட்டாணி அக்காவின் உதட்டைப் பார்த்தாள். டேப்லெட்டில் பதிலைத் தள்ளி மாற்றுகிற மாதிரி ஆள்காட்டி விரல் காற்றில் இடமிருந்து வலமாக நகர்ந்தது. "விளக்கல."

"பாத்தியா, எம் பொண்ணுக்குப் பொய்யே வராது," என்று அக்கா பூரித்துப்போனாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சற்று முன் குழாயடியில் அவள் பல் விளக்கும்போது நான்தான் பக்கத்தில் நின்றிருந்தேன். பற்பசை நுரை கடைவாயில் இன்னும் காயாமல் இருந்தது.

அடுத்து காதுவலி வந்தது. டாக்டர் எந்தக் காது என்று கேட்டார், சொன்னாள். அவர் விளக்கை எடுத்துக்கொண்டே, "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா," என்றார். அதே விரல், அதே நகர்த்தல். உடனே மற்றக் காதைக் காட்டினாள். நான் வாயைத் திறப்பதற்குள் நல்ல காதில் மருந்து விழுந்துவிட்டது.

அன்று சாயங்காலம் சட்டைப் பொத்தான் ஒன்றைக் கைக்குள் மூடி, எந்தக் கை என்று கேட்டேன். சரியாகச் சொன்னாள். "நல்லா யோசி," என்றேன். மாற்றிச் சொன்னாள். கையை விரித்துக் காட்டினேன். "நீ முதல்ல சொன்னதுதான்டி சரி."

அவள் முகம் கோணிவிட்டது. "அப்ப ஏன் சித்தி பொய் சொன்ன?"

"நான் எங்கடி பொய் சொன்னேன்? யோசின்னா யோசின்னுதான் அர்த்தம்."

"யோசின்னா அது இல்ல, வேறன்னு அர்த்தம். உனக்கு ஒண்ணும் தெரியல."

மறுநாள் தயங்கித் தயங்கி வகுப்பு வாசலில் போய் நின்றேன். ஆசிரியை தன் திரையை என் பக்கம் திருப்பினார். பட்டாணியின் பெயருக்கு நேரே பச்சை. "சொன்னா டக்குனு மாத்திக்கறா. அவ்வளவு நல்லா கத்துக்கறா," என்றார்.

"கத்துக்கறா மிஸ். ஆனா என்னத்தைக் கத்துக்கறான்னு..."

மிச்சத்தை விழுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு எப்போதும் அப்படித்தான், பாதிப் பேச்சு தொண்டையோடு நின்றுவிடும்.

வெயில் கொளுத்திய ஒரு நாள், பள்ளி வாசலில் வேன் நின்றதும் ஒரு சின்னவன் என் துப்பட்டா முழுக்க வாந்தி எடுத்துவிட்டான். பிள்ளைகள் இறங்கியபின் கடைசி இருக்கைவரை போய்ப் பார்த்துவிட்டு வருவது என் வேலை. அன்று டிரைவர் அண்ணன், "நீ அவனக் கழுவி விடு பாப்பா, நான் பாத்துக்கறேன்," என்றார். குழாயடியில் அவன் முகத்தைக் கழுவும்போது அவர் குரல் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே கேட்டது.

"பட்டாணி, எல்லாரும் இறங்கியாச்சா?"

அவள் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை.

"அவ இன்னிக்கு வரவே இல்லியே. நல்லா யோசிச்சுச் சொல்லு."

"வரல அங்கிள்."

கதவு சாத்தும் சத்தம். வேன் பின்பக்க மைதானத்துக்குத் திரும்பியது. சின்னவனைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தேன். பட்டாணி வாசலிலேயே நின்றிருந்தாள். அவள் விரல் இன்னும் கீழே இறங்கவில்லை.

கேள்வியாகக் கேட்டால் மாற்றிவிடுவாள் என்று பயந்து, குரலை அடக்கிக்கொண்டு, "முதல்ல சொன்னத மட்டும் சொல்லு," என்றேன்.

"தூங்குமூஞ்சி பின்னாடி படுத்திருக்கா."

தூங்குமூஞ்சி ஏறின கையோடு தூங்கிப்போகிற பிள்ளை. நான் ஓடினேன். மைதானத்தில் ஒரு மரம்கூட இல்லை. வேன் பூட்டியிருந்தது. டிரைவர் அண்ணன் டீ குடிக்கத் தெருமுனைக்குப் போய்விட்டிருந்தார். கண்ணாடியில் கையைக் குவித்துப் பார்த்தேன். கடைசி இருக்கைக்குக் கீழே ஒற்றை ஷூ. கல்லைத் தேடி எடுத்து ஓங்கும்போதுதான் அவர் சாவியோடு ஓடி வந்தார்.

கதவு திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. தூங்குமூஞ்சி தூங்கவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முடி நெற்றியோடு ஒட்டியிருந்தது, உதடு வெளுத்திருந்தது. வாரி எடுத்து நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் கொடுத்தேன்.

"முழிச்சிட்டுத்தானே இருந்த, ஏண்டி கூப்பிடல?" என்றார் டிரைவர் அண்ணன்.

"நான் வரலன்னு பட்டாணி சொன்னா," என்றாள் அவள். "அவகிட்டதான் நிறைய நட்சத்திரம் இருக்கு."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இந்த முறை தலைமை ஆசிரியை முன்னால் நான் எதையும் விழுங்கவில்லை. பொத்தானில் தொடங்கி ஷூவரை எல்லாவற்றையும் சொன்னேன். கம்பெனிக்காரரை வரவழைத்தார்கள். அவர் கோபப்படவில்லை. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "ரொம்ப நல்ல கருத்து. அந்தச் சொல் குழந்தைகளுக்கு அழுத்தம் கொடுத்திருக்கு. மாத்திடறோம்," என்றார்.

"தப்புன்னே சொல்லிடலாமே சார்," என்றேன்.

என்னைப் பாவம் என்பதுபோல் பார்த்துச் சிரித்தார்.

சொன்னபடியே மாற்றினார்கள். பதிலுக்கு எந்தச் சொல்லை வைத்தார்கள் என்று நான் கேட்டுவைக்கவில்லை. 'யோசி' வேனிலிருந்தும் மெல்ல மறைந்தது. நான் ஒவ்வொரு நடையிலும் கடைசி இருக்கைவரை போய்க் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன். அக்காவும், "நல்ல வேளை, உன்னால ஒரு உசிரு பொழைச்சுது," என்றாள்.

இன்று காலை பட்டாணிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் மெதுவாகச் சொன்னாள்: "சித்தி, வேன்ல போகப் பயமா இருக்கு."

பாவமாக இருந்தது. அவள் அதைச் சொன்னதே இதுதான் முதல் தடவை. பின்னலை விட்டுவிட்டு அவள் தோளை அணைத்துக்கொண்டேன்.

"பரவாயில்லடி," என்றேன்.

கண்ணாடிக்குள் அவள் கண் என் உதட்டுக்கு வந்தது. மடியில் கிடந்த ஆள்காட்டி விரல் எழுந்து, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்ந்தது.

"பயமா இல்ல," என்று சொல்லிவிட்டு, மணி அடிப்பதற்காகக் காத்திருந்தாள்.